போட்டோக்காரர் நிற்கிற இடம்

இங்கிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. தெய்வசிகாமணி இடது கண்ணை மூடிப் பார்த்தான், வலது கண்ணை மூடிப் பார்த்தான், ஓரடி பின்னால் போனான். போட்டோக்காரர் முக்காலி ஊன்றுகிற இடம் இதுதான் என்று கால் தானாகவே கண்டுபிடித்து நின்றது. இருபத்தாறு வருஷமாகச் சேலத்துக் கல்யாண மண்டபங்களில் மேடை அலங்காரம் செய்கிறவனுக்கு அந்த இடத்தை யாரும் கோடு போட்டுக் காட்ட வேண்டியதில்லை. முதல் வரிசை நாற்காலிக்கு நாலடி முன்னால், நடுவிலிருந்து ஒரு முழம் இடது பக்கம். அங்கே நின்று பார்க்க நன்றாக இருந்தால் ஆல்பத்தில் நன்றாக இருக்கும், ஆல்பத்தில் நன்றாக இருந்தால் பெண்ணின் அம்மா அடுத்த பெண்ணுக்கும் கூப்பிடுவாள், தொழில் அவ்வளவுதான். ஆனால் இது கல்யாணம் இல்லை, கண்காட்சி. வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான், கண்காட்சி, கண்காட்சி, இன்னும் புதுச் செருப்பு மாதிரி கடித்தது. ஏற்காட்டில், பெல்லாமி துரை என்கிற வெள்ளைக்காரர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட தோட்டத்து பங்களாவில், துரைமார் கப்பலேற்றிக் கொண்டுவந்த செடிகளைப் பற்றி ஆறு ஓவியர்கள் வரைந்த படங்கள். அவற்றுக்கு நடுவே, கூடத்தில், நூற்று நாற்பது தொட்டிகளில் மேடை மாதிரி படிப்படியாக ஏறுகிற இவன் தோட்டம். பதினொரு மணிக்குத் திறப்பு, இப்போது ஒன்பதே முக்கால். முன்வாசலில் நுழைந்ததும் வலக்கைச் சுவரில் கறுப்பு எழுத்தில் 'காட்சி வடிவமைப்பு: சே. தெய்வசிகாமணி'. காலையிலிருந்து ஏழு தடவை அந்தப் பக்கம் போய்விட்டான். ஒரு தடவை துடைப்பம் தேட, ஒரு தடவை மழை வருமா பார்க்க, மிச்சத்துக்குக் காரணம் சொல்ல முடியாது. ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் தன் பெயரைத் தானே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது வெட்கம்தான், ஆனால் யாரும் பார்க்கவில்லையே. ஒருமுறை ஒரு கல்யாணத்தில் மேடை மூலையில் பெயரும் போன் நம்பரும் போட்ட சின்ன அட்டை ஒன்றை வைத்தான். பெண்ணின் அப்பா வந்து, தப்பா நினைச்சுக்காதீங்க, போட்டோவுல விழுது என்று பக்குவமாக அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். தப்பாக நினைக்கவில்லை. பதினொரு வருஷமாக ஞாபகம் மட்டும் வைத்திருக்கிறான்.

வெயில் கண்ணாடி ஜன்னல் வழியாக நேராக வந்து டேலியாப் பூக்களின் மேல் விழுந்தது. இப்படி ஒரு வெயிலில் தான் செய்த எதையும் பார்த்ததில்லை என்பது அவனுக்குக் கொஞ்சம் திக்கென்றிருந்தது. அவன் வேலையெல்லாம் ராத்திரி பத்துக்கு ஆரம்பித்து விடியற்காலை நாலுக்கு முடியும். ஊர் பல் துலக்குகிற நேரத்தில் அவன் படுத்திருப்பான். எழுந்திருக்கும்போது மேடை பிரிந்து லாரியில் ஏறியிருக்கும். ஒன்றரை நாளுக்கு மேல் நின்ற எதையும் அவன் செய்ததே கிடையாது. இது நாற்பது நாள் நிற்க வேண்டும். நாற்பது நாள் ஒரு டேலியா பூத்துக்கொண்டே இருக்குமா, நாற்பது நாள் ஒரு முடிச்சு தளராமல் இருக்குமா, நாற்பது நாள் ஒரு மனிதன் நெஞ்சு படபடக்காமல் தூங்க முடியுமா. மிருதுளா மேடத்திடம் கேட்டபோது சிரித்தார். சென்னையில் ஓவியக்கூடம் நடத்துகிறவர், இந்தக் கண்காட்சியும் அவருடையதுதான், யார் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். சித்தி மகள் கல்யாணத்துக்கு ஒருமுறை சேலம் வந்திருந்தார். பெண்ணின் அப்பா காபித் தோட்டக்காரர் என்பதால் சிகாமணி ரோஜா, சாமந்தி எதுவும் வைக்காமல் காபிச் செடியும் பெரணியுமாக மேடை போட்டிருந்தான். மாமியார்கள் முகம் சுளித்தார்கள், மிருதுளா மட்டும் பந்திக்குப் போகாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நம்பர் வாங்கிக்கொண்டார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். பழைய பேப்பர் கடையில் என்று சொன்னான், அது உண்மைதான். கிலோக் கணக்கில் வாங்கிய வெளிநாட்டுப் புத்தகங்கள், எழுத்து புரியாது, படம் புரியும். வீட்டில் பவளம் இந்தக் கண்காட்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், வர்றவங்களுக்குச் சாப்பாடு உண்டா என்று. இல்லை என்றான். அப்ப யாரு வருவா, என்று சொல்லிவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டாள். இருபத்தைந்து வருஷ மனைவி, ஒரே கேள்வியில் ஆளைச் சாய்த்துவிடுவாள்.

ஆனாலும் யோசித்துப் பார்த்தால், யோசிக்காமல் இருக்க முடியவில்லை, துரைமார் காலமே ஒரு பெரிய கல்யாணம் மாதிரிதான். சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஊர் முழுக்க வரிசையில் நின்று எதையாவது கொடுத்துவிட்டுப் போகும். செடிகளும் அப்படித்தான் வந்தன, கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்து, கடல் காற்று படாமல், மணப்பெண் மாதிரி. டேலியா மெக்சிகோவிலிருந்து, சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து. உண்ணிச்செடி மட்டும் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம், நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பையை வைத்தது, அழகாகத்தான் இருந்தது, துரைமார் வேலி ஓரம் நட்டார்கள், இன்றைக்குக் காடு முழுக்க அதுதான், வீட்டுக்காரனே உள்ளே போக வழியில்லை. அதைத்தான் கடைசி அறையில் ஒரு ஓவியர் பத்துப் படமாக வரைந்திருந்தார். சிகாமணிக்கு அந்தப் பத்தும் ரொம்பப் பிடித்திருந்தது. மேடை நடுவில், மணமக்கள் சோபா இருக்கிற இடத்தில், பெல்லாமி துரையின் போட்டோவைப் பெரிதாக்கி நிறுத்தியிருந்தான். துரை, துரைசாணி, மூன்று பிள்ளைகள், காலடியில் நாய். கீழே எல்லார் பெயரும் இருந்தது, நாய்க்கு டஃபி என்று பெயர். பின்னால் தலையில் தொட்டி சுமந்து பதினாலு பேர், முகமெல்லாம் புகை மாதிரி கலைந்து. அந்தக் காலத்து கேமராவுக்கு அசையாமல் நிற்க வேண்டுமாம், அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது தொட்டி கனத்திருக்கும். அவர்களுக்குப் பெயரில்லை. இதில் சிகாமணிக்குப் பெரிதாக ஆச்சரியம் ஒன்றுமில்லை, இருபத்தாறு வருஷ ஆல்பங்களில் அவன் விழுந்திருப்பது ஒரே ஒரு முழங்கை, அம்மாபேட்டை ஜவுளிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், அதுவும் மாப்பிள்ளையின் மச்சான் முழங்கை என்று அவர்கள் வாதிடக்கூடும்.

அப்போதுதான் மேடைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண் சிரிப்பு, அதற்குப் பதிலாக ஓர் ஆண் இருமல். சிகாமணி நின்ற இடத்திலேயே நின்றான். மேடைக்குப் பின்னால் ஆள் சிரிக்கக் கூடாது. மேடைக்குப் பின்னால் சுவர் இருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் சமையல்காரர்கள் இருப்பார்கள், அவர்கள் சிரிப்பது சாம்பாரோடு போய்விடும், இங்கே சுவர், சுவர் எங்கே. இங்கே சுவரே இல்லை. கூடம் பின்பக்கம் அப்படியே திறந்துகொண்டு துரை சாப்பிடும் அறைக்குப் போகிறது, அங்கேதான் உண்ணிச்செடிப் படம் பத்தும் மாட்டியிருக்கிறது, பார்க்க வருகிற ஒவ்வொருவரும் மேடையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயே ஆக வேண்டும். நேற்று ஆணி அடிக்க அவனே இருபது தடவை அந்தப் பக்கம் போய் வந்தான். இருபது தடவையும் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவன் கண்ணில் படுவதில்லை, அது கண்ணுக்குப் பழகிய பழக்கம். காகிதத்தில் வரைந்து காட்டியதும் முன்பக்கம்தான், அதையேதான் மேடமும் பார்த்துத் தலையாட்டினார். ஓடினான். அங்கே, பட்டப்பகல் வெயிலில், எல்லாம் இருந்தது: சவுக்குக் கட்டைகள், கயிறு, கட்டுக்கம்பி, ஈரச் சாக்கு, வாளிகள், முட்டுக்கொடுத்த செங்கல், போன மாசத்துக் கல்யாணத்தின் பிளெக்ஸ் தரைவிரிப்பாக, அதில் மாப்பிள்ளை தலைகீழாகச் சிரித்துக்கொண்டு, ஒரு கட்டையில் யாரோ காயப்போட்ட லுங்கி. நூற்று நாற்பது தொட்டிகளும் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

தோட்டத்தில் வேலை செய்கிற சின்னப்பிள்ளையும் மாதையனும் டீ கேனோடு சமையல்கட்டுப் பக்கமாக வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தொட்டிகளை ஐந்து மாசமாக வளர்த்தது அவர்கள்தான். சின்னப்பிள்ளை அவனைப் பார்த்து, ஏங்க டெக்கரேஷன்காரரே, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு, டீ குடிங்க என்றாள். குடித்தான். சூடு தெரியவில்லை. கறுப்புத் துணி பதினெட்டு மீட்டர் இருந்தால் மூடிவிடலாம், துணி கீழே சேலம் குடோனில் இருக்கிறது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர ஒரு மணி நேரம், குடோன் சாவி அவனிடம் வேலை செய்கிற கோவிந்துவிடம், கோவிந்து தூங்கிக்கொண்டிருப்பான், தூங்க வேண்டியவன்தானே, ராத்திரி முழுக்கக் கட்டியவன். திரும்பத் திரும்ப அந்தத் துணியிலேயே போய் மனசு மாட்டியது, பதினெட்டு மீட்டர், பதினெட்டு மீட்டர், வேட்டி சேர்த்துத் தைத்தால், பங்களா திரைச்சீலையைக் கழற்றினால், துரைசாணியின் திரைச்சீலை பூச்சி அரித்தது. மேடம் ஒன்றும் திட்ட மாட்டார். அதுதான் பயம். பார்த்துவிட்டுச் சிரிப்பார், பரவாயில்லை சிகாமணி என்பார், அடுத்த கண்காட்சிக்குப் படித்த பையன் ஒருவனைக் கூப்பிடுவார், படித்த பையனுக்கு ஓர் அறைக்கு நாலு பக்கம் உண்டு என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இவன் மறுபடி பத்து மணிக்கு மண்டபத்துக்குப் போவான், நாலு மணிக்குத் திரும்புவான், பவளம் கேட்கமாட்டாள், கேட்காமலே தோசை ஊற்றுவாள். சுவரில் கறுப்பு எழுத்தைச் சுரண்டி எடுத்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வருமா.

அவன் இப்படிக் கரைந்துகொண்டிருக்க, அவர்கள் இரண்டு பேரும் அவனைக் கவனிக்கவே இல்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதையன் டீ டம்ளரோடு ஒவ்வொரு கட்டையாகப் போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டு, இது கெட்டிக்காரன் முடிச்சு என்றார், இன்னொன்றைப் பார்த்து, இவன் பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்றார். சின்னப்பிள்ளை சாக்கு எப்படித் தண்ணீரைப் பிடித்து வேருக்கு விடுகிறது என்று குனிந்து விரலால் அழுத்தினாள். முன்பக்கம் பார்த்தீர்களா என்று சிகாமணி கேட்டான். அதைத்தான் அஞ்சு மாசமா பார்த்தோமே, பூதானே, என்றாள். பிறகு ஒரு சவுக்குக் கட்டையைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள், அவளுக்கு எழுத்துத் தெரியாது. கோவிந்து என்று எழுதியிருந்தது, சாக்பீஸில். அடுத்ததில் பாஷா, அடுத்ததில் கோவிந்து, அடுத்ததில் செங்கோடன். சிகாமணி சொன்னான், அது எங்க ஆட்கள் வழக்கம். ஒவ்வொருத்தன் கட்டு ஒவ்வொரு மாதிரி, அடுத்தவன் பிரித்தால் நேரமாகும், கயிறும் வீணாகும். அதனால் கட்டினவன்தான் பிரிக்க வேண்டும், யாருடையது என்று தெரிய அவனவன் கட்டையில் அவனவன் பெயர். சொல்லிக்கொண்டே சுற்றிப் பார்த்தான். தன் தொழிலில் தினமும் நடக்கிற ஒன்றைச் சொல்லும்போது அது வாயிலிருந்து வேறு ஆளுடைய செய்தி மாதிரி வந்தது. பின்பக்கம் பூராவும் பெயர்கள். உயரத்தில், முழங்கால் உயரத்தில், கோணலாக, ஒரு இடத்தில் பாஷாவின் சண்டைக்காரன் எவனோ பாஷா என்கிற பெயருக்கு மீசை வரைந்திருந்தான். துணி போட்டு மூடப் பார்த்தோமே என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது, முதலில் மூக்கு வழியாகத்தான் வந்தது.

சின்னப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்ப இந்தத் தொட்டியெல்லாம் யாரு வளர்த்தது? மரம் கட்டுனவனுக்குப் பேரு இருக்கு, செடி வளர்த்தவ என்ன டீ கொண்டாரவளா?”

கேலியாகத்தான் கேட்டாள், பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை, ஆனால் மாதையன் அதற்குள் தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்துத் தன் தொட்டிகளின் முதுகில் எழுத ஆரம்பித்திருந்தார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர், ஒவ்வொரு எழுத்தையும் விதை ஊன்றுகிற மாதிரி அழுத்தி எழுதினார், யாருடைய தொட்டி எது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரு டேலியாவை வைத்துச் சின்ன வாய்த்தகராறு வேறு, அது அவள் பதியம் போட்டது, இல்லை அவர் போட்டது, கடைசியில் இரண்டு பெயரும் போட்டார்கள். அவள் பெயரைச் சிகாமணி எழுதினான். சின்னப்பிள்ளை, சின்னப்பிள்ளை, சின்னப்பிள்ளை. அறுபத்தெட்டுத் தொட்டி. எழுத எழுத மணி பத்தரை ஆயிற்று, கை வலித்தது, மனசு எங்கேயோ முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் சமையல்கட்டு வழியாக வந்தால்? முதலில் சாப்பிடும் அறை, உண்ணிச்செடி, இன்றைக்கு இருக்கிற காடு. அப்புறம் இந்த முதுகு, கயிறு, சாக்கு, பெயர்கள். அப்புறம்தான் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து பூவும் துரையும் டஃபியும். கடைசியாக முன்வாசலில் மாட்டியிருந்த, செடிகள் வந்த கப்பலின் படம். கதை பின்னாலிருந்து முன்னால் நடக்கும். கப்பலைப் பார்த்துக்கொண்டே வெளியேறுவார்கள், துரைமார் போன மாதிரியே. இது நன்றாக இருந்தது. இது புத்தகத்தில் பார்க்காதது. இருந்தது, ஆனால் அந்தச் சந்தோஷத்தின் நடுவில் ஒரு முள் நின்றது: முன்வாசல் வெளியேறும் வாசலாகிவிட்டால் அவன் பெயர் யார் கண்ணில் படும். உள்ளே நுழைகிறவன்தான் சுவரைப் பார்ப்பான், வெளியே போகிறவன் செருப்பைத் தேடுவான். செருப்பு, ஐயோ, செருப்பைச் சமையல்கட்டில் விட்டால் எல்லாரும் திரும்பப் பின்னால்தானே போவார்கள், முன்வாசலுக்கு ஈ காக்கை வராது, கப்பலும் போச்சு, பெயரும் போச்சு. செருப்பை ஆள் வைத்துச் சுமந்து முன்னால் கொண்டுவரலாம். எழுத்தைச் சுரண்டிப் பின்னால் ஒட்டலாம், ஒரு மணி நேரமாகும், நேரமில்லை. துணியைப் போலவே இதுவும் சுற்றியது, பெயர், செருப்பு, பெயர். ஒரு கட்டத்தில் அவனுக்கே அலுத்துப்போய், போகுது விடு என்று சத்தமாகச் சொன்னான். யாரிடம் சொல்கிறான் என்று மாதையன் திரும்பிப் பார்த்தார். செருப்போடயே உள்ளே வரட்டும் என்று சிகாமணி அவரிடம் சொன்னான், தோட்டத்துக்குள்ள யாரு செருப்பைக் கழட்டுறா.

போய் முன்வாசல் ரிப்பனை அவிழ்த்தான். கதவை மூடி, தாழ் போட்டான். லுங்கியை மட்டும் எடுத்து மடித்து வைத்தான். தலைகீழ் மாப்பிள்ளையை அப்படியே விட்டான், பாவம், இவரும் எங்கேயாவது தெரியட்டும். போன் அடித்தது. மேடம், இருபதாவது வளைவு தாண்டிவிட்டதாம், தலைமை விருந்தினர் பெரியவர் ராஜரத்தினம் காரில் கூடவே இருக்கிறாராம், தோட்டக்கலைத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாம் தயாரா.

“மேடம், முன்வாசலுக்கு வர வேண்டாம். பங்களாவைச் சுத்திக்கிட்டு சமையல்கட்டு வழியா வாங்க.”

“அங்க என்ன இருக்கு சிகாமணி? நீங்க போட்ட ஸ்டேஜோட பின்பக்கம்தானே?”

“ஆமாங்க. நான் தப்பு பண்ணிட்டேன். மேடையைச் சுத்தி ஆள் வரும்ங்கறதையே நினைக்கலை. வந்து பாருங்க, பிடிக்கலைன்னா முன்வாசலைத் திறந்துடறேன், அஞ்சு நிமிஷம்.”

அந்தப் பக்கம் கார் சத்தம் மட்டும் கேட்டது. சிரிப்பில்லை. பதில் சொல்லும்முன் சிரிக்கிறவர் சிரிக்கவில்லை என்பது நல்லதா கெட்டதா என்று அவன் முடிவு செய்வதற்குள், உங்க பேர் முன்வாசல்கிட்ட இருக்கே, என்றார். இருக்கட்டும்ங்க என்றான். சரி என்று வைத்துவிட்டார். எதற்குச் சரி, வருவதற்குச் சரியா, பேருக்குச் சரியா. கொஞ்ச நேரத்தில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் பங்களாவின் பக்கவாட்டில் கேட்டது, சரளைக் கல்லில் காலடிகள், ஐந்து பேர், பத்து பேர், பின்னால் வேனில் வந்தவர்களும் சேர்ந்து. அங்கே போய் நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், கால்தான் போகவில்லை. கால் அவனை முன்பக்கத்துக்குக் கூட்டிவந்து, நடுவிலிருந்து ஒரு முழம் இடது பக்கம் நிறுத்திவிட்டது. எதிரே டேலியா, துரை, நாய். பார்க்க ஆளில்லாத பக்கத்தில் அவன் ஒருவன். சமையல்கட்டு வாசல் வேலைக்காரர்களுக்காக வைத்த வாசல், துரை உயரத்துக்கு வைத்ததில்லை, ஒரு சராசரி ஆளே குனிய வேண்டும். மேடைக்கு அந்தப் பக்கம் பேச்சுகள் ஒவ்வொன்றாக நின்றன. அப்படி ஒரு நிசப்தம். கல்யாண வீட்டில் இந்த நிசப்தம் வந்தால் தாலி கட்டப்போகிறார்கள் என்று அர்த்தம், அல்லது மாப்பிள்ளையைக் காணோம். பிறகு வயதான, கனத்த ஒரு குரல், எழுத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கிறவரின் குரல், மெதுவாக வாசித்தது.

“சின்னப்பிள்ளை... சின்னப்பிள்ளை... இங்கயும் சின்னப்பிள்ளை. யாரும்மா இது?”

“நான்தாங்க ஐயா. இன்னும் நிமிராதீங்க, மேல குறுக்குக் கட்டை இருக்கு, தலையில இடிக்கும்.”

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும். நடுவில் மிருதுளாவின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது, முதலில் வந்துவிட்டுப் பதிலுக்கு இடம் விடுகிற அதே சிரிப்பு, அதன் பின்னாலேயே பதிலும் வந்தது, சிகாமணி எங்கப்பா, இந்தப் பாஷாவுக்கு மீசை வச்சது யாரு. அவன் பதில் சொல்வதற்கு முன்னாலேயே பேச்சு நகர்ந்துவிட்டது. கிழவர் விடவில்லை, அடுத்த கட்டைக்குப் போய்விட்டார், கோவிந்து, செங்கோடன், மாதையன், ஒவ்வொன்றாக, வருகைப்பதிவு எடுக்கிற வாத்தியார் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் சின்னப்பிள்ளை விவரம் சொன்னாள், தெரியாததற்கும் சொன்னாள். இத்தனை பெயரையும் வாசித்து முடித்து அவர்கள் இந்தப் பக்கம் வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும். தெய்வசிகாமணி தாழை நீக்கி முன்வாசலை அகலத் திறந்து வைத்தான், வெளியே போகிறவர்களுக்கு. ஏற்காட்டுக் காற்று உள்ளே வந்தது.